கண்ணாடியைப் படுக்க வைக்காதே

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, தங்கை மூன்று பேரும் நல்ல சுகம். நீயும் சுகம் என்றுதான் போனில் சொல்கிறாய், ஆனால் சாப்பிட்டாயா என்று கேட்டால் இரண்டு நொடி யோசித்த பிறகே பதில் வருகிறது, அதனால் உன் சுகத்தை நான் பாதிதான் நம்புகிறேன். தங்கை பரீட்சை முடித்துவிட்டாள். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி முனகுகிறார், திரும்பிப் பார்த்தால் நின்றுவிடுகிறது.

போன மாதம் நீ கோபமாகப் போனை வைத்தாய். மணிக்கட்டில் நான்கு தையல் போட்ட பிறகும் அந்தக் கண்ணாடிக் கம்பெனிக்குப் பேக்கிங் வேலைக்கு ஏன் போகிறாய், உடனே வேலையை விடு, இல்லாவிட்டால் நானே முதலாளியிடம் பேசுகிறேன் என்றாய். உன் பாசம் எனக்குத் தெரியாதா கண்ணு. ஆனால் அன்று என்னை வெட்டியது வேலை இல்லை, என் அவசரம். விலாசச் சீட்டை உரிக்கக் கையுறை இடைஞ்சல் என்று கழற்றி இடுப்பில் செருகினேன், அந்த நினைப்பே இல்லாமல் வெறுங்கையோடு கண்ணாடியைத் தூக்கினேன். பதினாறு வருஷத்தில் செய்யாத தப்பு. இப்போது கண்ணாடி வருவதற்கு முன்பே வெற்று உறையில் சீட்டை ஒட்டிவிடுகிறோம், ஒட்டி முடித்துத்தான் கையுறை, கையுறை போட்டுத்தான் தூக்குவது. பட்டவளே கொண்டுவந்த ஒழுங்கு என்பதால் யாரும் முகம் சுளிக்கவில்லை. தையலும் பிரித்தாயிற்று.

நீ போனை வைத்த மறுநாள் நடந்ததைக் கேள். ஒரு நடனப் பள்ளிக்கு நாற்பது ஆளுயரக் கண்ணாடி மதியத்துக்குள் போக வேண்டும். கண்ணாடியை நிறுத்தி வைக்கிற சாய்வுச் சட்டத்தில் ஒன்றுதான் கையில் இருந்தது, மற்றவை தச்சரிடம் பழுதுபார்க்கப் போயிருந்தன. முதலாளியின் மச்சினர் ஒருத்தர் புதிதாக வந்திருக்கிறார், அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அவசரம், ஷூ கயிறு கட்டக்கூட அவருக்கு நேரம் இருக்காது. அவர் வந்து, எல்லாவற்றையும் ஸ்பாஞ்சு மேல் படுக்க வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வண்டியை அனுப்பு என்றார். முடியாது என்றேன். "படுத்திருக்கிறது எங்கம்மா கீழ விழப் போகுது?" என்று எல்லோரும் சிரிக்கும்படி கேட்டார். "விழாதுங்க. மேல இருக்கிறது கீழ இருக்கிறத நசுக்கும்," என்றேன். நிற்கிற கண்ணாடி தன் பாரத்தை விளிம்பில் தாங்கிக்கொள்ளும், படுத்த கண்ணாடிக்கு ஒவ்வொரு குலுக்கலிலும் வயிறு வளையும். அதற்கு அவர், இஷ்டமில்லை என்றால் வீட்டுக்குப் போகலாம் என்றார். பொய் சொல்லமாட்டேன், நீ கேட்டது தானாக நடக்கப் போகிறது என்று நினைத்தேன். ஆனாலும் வண்டிக் கதவை விட்டு நகரவில்லை.

சத்தம் கேட்டு முதலாளி இறங்கி வந்தார். நான் வாதாடவில்லை. ரசம் போனதென்று கழித்த கண்ணாடிகள் மூலையில் பன்னிரண்டு கிடந்தன. ஆறை அவர் மச்சினர் சொன்னபடி படுக்க வைத்தேன். ஆறை இருந்த ஒரே சட்டத்தில், இடையிடையே தாள் கொடுத்து, விளிம்பு வண்டி ஓடும் திசையைப் பார்க்கும்படி நிறுத்தி, பட்டை போட்டு இறுக்கிக் கட்டினேன். தண்ணீர்த் தொட்டி வரை போய்விட்டு வாருங்கள் என்று டிரைவரை அனுப்பினேன். அந்தத் தெருவில் சாலையைவிடப் பள்ளம்தான் அதிகம். வண்டி திரும்பி வந்து கதவைத் திறந்தபோது, படுத்ததில் அடியிலிருந்த மூன்று போயிருந்தன. நின்றதில் ஒரு கீறல் இல்லை. அவசரம் குனிந்து நிதானமாக ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டார்.

சட்டங்கள் வந்து சேர்ந்து, ஒரு நாள் தாமதமாகத்தான் சரக்கு போயிற்று. போய்ச் சேர்ந்ததும் டிரைவர் கூப்பிட்டு, "அக்கா, நாப்பதும் நாப்பதாவே இருக்கு," என்றார். நான் பேக்கிங் மேசையில் தலையை வைத்து அழுதுவிட்டேன். எனக்கு அத்தனை பெருமையாக இருந்தது. இப்போது குடோன் பொறுப்பு என்னிடம். போகிற ஒவ்வொரு வண்டியின் சரக்குச் சீட்டிலும் 'பார்த்தாயிற்று, போகலாம்' என்று எழுதி நான் கையெழுத்துப் போட வேண்டும், அது இல்லாமல் முதலாளியே வந்து நின்றாலும் காவலாளி கேட்டைத் திறப்பதில்லை. தையல் போட்ட அதே கைதான் கையெழுத்தும் போடுகிறது. உன் அப்பா இதை முடிவெட்டுகிற கடை வரை சொல்லி முடித்துவிட்டார், அவர் சொல்வதைக் கேட்டால் அந்த வண்டியில் கண்ணாடியோடு அவரையும் கட்டி அனுப்பியது போல இருக்கும்.

இனி நம் வழக்குக்கு வருகிறேன். உன் அறையில் முகம் பார்க்க நல்ல கண்ணாடி இல்லை என்று தங்கை சொன்னாள். ஒன்று அனுப்பியிருக்கிறேன். மூலைக்கு அட்டை, முகத்துக்குத் தாள், சுற்றிலும் மரச்சட்டம், எல்லாம் என் கையால் போட்டது. எத்தனை வண்டி மாறி, எத்தனை பேர் தூக்கி, எத்தனை பேர் போட்டு வருமோ தெரியாது. இந்தக் கடிதத்தை அதன் முதுகில்தான் செருகியிருக்கிறேன். கண்ணாடியை வெளியே எடுக்காமல் இது உனக்குக் கிடைத்திருக்காது. ஆக முடிவு உனக்குத் தெரிந்துவிட்டது, எனக்குத்தான் இன்னும் தெரியாது. ஒரு விரிசல் இருந்தாலும் சொல், மறுபேச்சில்லாமல் வேலையை விட்டுவிடுகிறேன், அம்மா வாக்கு. உடைந்திருந்தால் கையால் அள்ளாதே, துடைப்பம் எடு. முழுசாக இருந்தால், அதில் தெரிகிறவனிடம் நீயே சொல்லிவிடு, இனிமேல் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்று.

வேளைக்குச் சாப்பிடு. மாட்டும்வரை சுவரோரம் நிறுத்தியே வை. நீ நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், எங்கள் மூன்று பேர் நினைப்பும் அதுதான்.

பார்த்தாயிற்று, போகலாம்.

இப்படிக்கு,
உன் அம்மா,
குடோன் பொறுப்பு.