ஜென்சியின் வண்டிக்கு ஐந்து டயர்

தாம்பரம்,
ஞாயிற்றுக்கிழமை மதியம்.

என் அன்பு மகள் ஜென்சிக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் வலி மட்டும் மழையோடு வந்து மழையோடு போகிறது. கடல் தாண்டிப் போன இடத்தில் நீ அந்த வெயிலில் எப்படி இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா, தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் ஆமாம்மா என்றுதான் சொல்வாய், அதனால் கேட்காமல் ஜெபத்தில் வைத்திருக்கிறேன். போனில் பேசாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைக்காதே. போனில் சொன்னால் நான் ஆரம்பிப்பதற்குள் சரிம்மா சரிம்மா என்று முடித்துவிடுவாய். இதை முழுக்கப் படிக்க வேண்டும்.

நீ டயரைப் பற்றிக் கேட்டு ரொம்ப நாள் ஆகிவிட்டது. என் பிக்கப்புக்கு டயர் மொட்டையாகிவிட்டது, தினமும் தார் ரோட்டிலும் போக வேண்டும், செம்மண் ரோட்டிலும் போக வேண்டும், எல்லா ரோட்டுக்கும் ஆகிற ஆல் டெரெய்ன் போடவா, சாதாரண டயரே போதுமா, நீதானே தினம் வண்டி ஓட்டுகிறாய் சொல்லு என்று கேட்டாய். டயர் மாற்றினால் அந்தச் சின்னச் சின்ன ஊர் கிளினிக்குகளுக்கு இன்னும் ஒரு வருஷம் நீயே நர்ஸாகப் போவதாகக் கையெழுத்துப் போடுவேன், இல்லையென்றால் டவுன் ஆஸ்பத்திரிக்கே மாற்றல் கேட்டுவிடுவேன் என்றும் சொன்னாய். நான் பதில் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல. வண்டி கொஞ்சம் ஆடுச்சும்மா என்று சிரித்துக்கொண்டே ஒரு போட்டோ அனுப்பினாயே, அதை அப்பா போனில் பெரிதாக்கிக் காட்டினார். கொஞ்சம் ஆடின வண்டி ரோட்டைவிட்டு இறங்கிப் புதருக்குள் மூக்கை விட்டுக்கொண்டு நிற்குமா? சுற்றிலும் ஒரு வீடு இல்லை, ஒரு மரம்கூட இல்லை, வானம் மட்டும் இருக்கிறது. அன்றிலிருந்து கண்ணை மூடினால் அந்தப் புதர்தான். இந்த டயர் வாங்கு என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் அந்த ரோட்டுக்கு உன்னை நானே அனுப்பினதாக ஆகிவிடும். பதில் வராவிட்டால் நீயாகவே அலுத்துப்போய் டவுனுக்கு மாறிவிடுவாய் என்று இருந்துவிட்டேன். அப்பா இரண்டு முறை கேட்டார், புள்ளைக்கு என்னடி சொன்ன என்று. யோசிச்சுகிட்டு இருக்கேன் என்றேன். டயருக்கு இவ்வளவு யோசிக்கிற ஆளா நீ, என்னைக் கல்யாணம் பண்ணும்போதுகூட இவ்வளவு யோசிக்கலியே என்றார்.

அதற்குள் நம் முட்டை வண்டிக்கும் அதே கதி வந்தது. நீ இருக்கும்போது போன அதே ரூட்தான் இப்பவும், விடிந்ததும் முட்டை ஏற்றிக்கொண்டு பொத்தேரி ஹாஸ்டல்கள், திரும்பி வந்து பம்மல் கடைகள், பிறகு குன்றத்தூர் ஹோட்டல்கள். முக்கால்வாசி நல்ல தார் ரோடு, ஆனால் கடைசித் தெருவெல்லாம் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடின குழைமண். பம்மல் ஜமால் பாய் கடைக்குப் போனேன். அவர் எடுத்த எடுப்பில் பெரிய பட்டன் டயரைக் காட்டினார், சேற்றில் போகிற டிராக்டருக்குப் போட்டது போல ஒவ்வொரு கட்டியும் பிரட் துண்டு கனம். இது போட்டா வண்டி மலையே ஏறும் அக்கா என்றார். முட்டை வாங்க மலை மேல யாரு பாய் இருக்காங்க, குன்றத்தூர் முருகன் கோயிலுக்குக்கூட மேல வரைக்கும் தார் ரோடு போட்டாச்சே என்றேன். சரி அக்கா, வாங்க வேணாம், ஓட்டிப் பாருங்க, என் மச்சான் அக்தர் வண்டில இதான் கீது என்று சாவியைக் கொடுத்துவிட்டார். டயரைப் பார்த்து வாங்கக் கூடாது, அட்டை அட்டையாக முட்டை ஏற்றி ஓட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்பது என் சட்டம், உனக்குத் தெரியும். ஏற்றினோம். ஜி.எஸ்.டி. ரோட்டில் வேகம் எடுத்ததும் மீனம்பாக்கத்தில் விமானம் கிளம்புகிற சத்தம் வண்டிக்குள் கேட்கிறது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ சொல்கிறார், வாய் மட்டும் அசைகிறது. ரொம்ப நாளைக்கு அப்புறம் நிம்மதியா ஓட்டினேன் என்று இறங்கினதும் சொன்னேன், சாயங்காலம் வரை அவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். பொத்தேரி போய்ப் பின்கதவைத் திறந்தால் அட்டைகளிலிருந்து மஞ்சள் வழிந்துகொண்டிருக்கிறது. இரண்டு நாள் வீட்டில் காலையும் ஆம்லெட், இரவும் ஆம்லெட். அந்தப் பட்டன் டயர் சேற்றுக்காகவே பிறந்தது, தினம் தாரில் ஓடுகிற வண்டிக்கு அது தண்டனை. மழையில் தார் ரோட்டில் பிரேக் போட்டாலும் அது சட்டென்று நிற்கவில்லை, அதை நான் காலிலேயே உணர்ந்தேன். அழகாக இருக்கிறது என்று நீ அதை மட்டும் வாங்கிவிடாதே.

கோடு போட்ட சாதாரண டயர் தாரில் சத்தமில்லாமல் ஓடும், ஆனால் போன மழையில் அதோடு குழைமண்ணில் மாட்டி, ஷேர் ஆட்டோவில் வந்தவர்கள் இறங்கித் தள்ளின கதை உனக்குத் தெரியும். அதனால் நடுவில் இருக்கிற ஆல் டெரெய்ன்தான் போட்டேன். கட்டிகள் இருக்கின்றன, ஆனால் நெருக்கமாக, ஒன்றுக்குள் ஒன்று கோத்ததுபோல் இருக்கின்றன. மாட்டுகிறபோது ஒன்று பார்த்தேன் ஜென்சி, அதை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஜமால் பாய் கடைத் தரையைக் கழுவிவிட்டிருந்தார், வண்டிக்கு அடியிலும் தண்ணீர் ஓடி எல்லாம் ஈரம். ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கினார். டயர் மிதித்துக்கொண்டிருந்த இடம் மட்டும் காய்ந்து தெரிந்தது. எவ்வளவு என்று நினைக்கிறாய்? குனிந்து என் கையை வைத்துப் பார்த்தேன், விரல்களை விரித்தால் கை அளவுதான். இவ்வளவு பெரிய வண்டி, அத்தனை முட்டை, நான், உன் அப்பா, எல்லாரும் பூமியைத் தொடுவது இந்த நாலு கைகளால்தானா என்று எனக்கு எழுந்திருக்கவே தோன்றவில்லை. நான் படித்ததே பிஸிக்ஸ்தான், இரண்டாம் வருஷப் பரீட்சை எழுதும்போது நீ வயிற்றில் இருந்தாய், உராய்வு பற்றி அரைப் பக்கம் எழுதி மார்க்கும் வாங்கினேன். எழுதினபோது அது கணக்கில் ஒரு எழுத்து, படத்தில் ஒரு கோடு, அவ்வளவுதான். அது ஒரு கை என்று அப்போது யாருக்குத் தெரியும். என்னக்கா, தரையில மோதிரம் கீதிரம் வுழுந்துடுச்சா என்று பாய் கேட்டார். இல்லை பாய் என்று எழுந்தேன்.

மறுநாளே புது டயரிலும் முட்டை உடைந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம்தான் யோசித்தேன், நம் ஊரில் பின்னால் லோடு ஏற்றுகிற வண்டி என்றாலே செங்கல் வண்டி என்று முடிவு செய்து கல் மாதிரி காற்று அடித்துவிடுவார்கள், பாயும் அப்படித்தான் அடித்திருந்தார். முட்டை உயரமாக அடுக்குகிற சாமானே தவிர செங்கல் கனம் எங்கே வரும்? டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் உள்ளே ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் எந்த லோடுக்கு எவ்வளவு காற்று என்று வண்டி செய்த கம்பெனிக்காரனே எழுதியிருக்கிறான், அதைப் பார்த்து இறக்கச் சொன்னேன். காத்த கொறச்சா டயர் தேஞ்சுடும் அக்கா, அப்பால என்ன சொல்லக் கூடாது என்றார் பாய். டயர் தேஞ்சா நீங்க குடுப்பீங்க பாய், முட்டை ஒடஞ்சா கோழியா வந்து குடுக்கும் என்றேன். உங்ககிட்ட வாய் குடுக்க முடியாது என்று சிரித்துக்கொண்டே இறக்கிவிட்டார். அதற்கப்புறம் ஒன்றும் உடைவதில்லை, ஆம்லெட் போட முட்டையைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் டயர் கதை. நான் உனக்கு இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் போன வாரம் பெய்த மழை. முடிச்சூர் பக்கம் உள்ளே கேக் கடை வைத்திருக்கிற பேபியை உனக்கு ஞாபகம் இருக்கும், உன் பிறந்தநாள் கேக்கில் உன் பெயரைத் தப்பாக எழுதினவள். கிறிஸ்துமஸ் ஆர்டர் எல்லாம் எடுத்துக்கினு முட்டை இல்லாம குந்திக்கினு கீறேன்க்கா, இன்னிக்கி வரலைன்னா நான் காலிக்கா என்று போன் செய்தாள். அப்பா போகாதே என்றார். நீங்க வர வேணாம், நான் போறேன் என்றேன், உடனே அவரும் ஏறி உட்கார்ந்துகொண்டார். அவள் தெருமுனையில் இரண்டு ஆட்டோ புதைந்து நிற்கிறது, ஒரு தண்ணி கேன் வண்டி ரிவர்ஸ் எடுத்துத் திரும்பிப் போகிறது. நான் இறங்கி, குடையைத் தலைகீழாகப் பிடித்து முழுத் தெருவையும் குத்திப் பார்த்துக்கொண்டே நடந்தேன். இதை நீயும் செய்ய வேண்டும், ஆழம் தெரியாத தண்ணீரில் எந்த டயரும் காப்பாற்றாது, தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் திரும்பிவிட வேண்டும். பேபி தெருவில் இருந்தது தண்ணீர் அல்ல, கணுக்காலுக்குச் சேறு, அவ்வளவுதான். செகண்ட் கியரில் போட்டு, பிரேக்கைத் தொடாமல், ஆக்ஸிலேட்டரை ஒரே அளவில் பிடித்துக்கொண்டு உள்ளே விட்டேன். முதலில் வண்டி வழுக்கியது, என் கண் முன்னால் உன் புதர் வந்து நின்றது. அப்பா இயேசுவே என்றார். அப்போது ஸ்டியரிங் வழியாக என் கைக்குத் தெரிந்தது, டயர் கீழே எதையோ தேடுகிறது, தேடித் தேடி, அந்தச் சேற்றுக்கு அடியில் கெட்டியாக இருக்கிற ஒன்றைப் பிடித்துக்கொண்டது. பிடித்ததும் வண்டி நேரானது. நான் ஒன்றும் செய்யவில்லை ஜென்சி, சும்மா பிடித்துக்கொண்டிருந்தேன்.

பேபி கடை வாசலில் நிறுத்தி முட்டையை இறக்கினதும், டயரைக் கழுவ அவள் பைப் எடுத்துவந்தாள். கட்டிகளின் இடுக்கில் அப்பியிருந்த மண் கேக் அச்சிலிருந்து விழுவது போல அப்படியே உருவத்தோடு விழுந்தது. மேல் மண் பழுப்பு, உள்ளே போகப் போகக் கன்னங்கரேல் என்று களிமண். அந்தக் கறுப்புக்குள் வெள்ளை வெள்ளையாக நத்தை ஓடுகள். அரிசி அளவு சிலது, மிளகு அளவு சிலது, எண்ண முடியாத அளவுக்கு, ஒன்றுகூட உடையாமல். இன்னாக்கா இது, வண்டிய கடலுக்கு வுட்டு எடுத்துக்கினு வந்தியா என்றாள் பேபி. அப்புறம் அவளே, இந்த எடமெல்லாம் முன்ன ஏரிதானேக்கா, ஏரிக்கு ஒண்ணும் ஆவல, அது பாட்டுக்கு அடியில படுத்துக்கினு கீது, மேல நாமதான் வந்து குந்திக்கினு கீறோம் என்றாள். சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டு முட்டையை எண்ண உள்ளே போய்விட்டாள். நான் அந்த ஓடுகளைக் கையில் வைத்துக்கொண்டு மழையிலேயே நின்றேன். அப்பா குடையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். வீடு, கடை, சர்ச், பள்ளிக்கூடம், ஈ.பி. கம்பம் எல்லாம் நிற்கிறது, அதற்கு ஒரு முழம் கீழே ஏரி அப்படியே இருக்கிறது, யாரிடமும் கோபித்துக்கொள்ளாமல், தன் நத்தைகளோடு. தினமும் அதன் மேல்தான் நான் முட்டை விற்றுக்கொண்டு போய்வருகிறேன்.

உன் ஊர் மண் அந்நியம், என் ஊர் மண் நமக்குத் தெரிந்தது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு என் தெருவே தெரியவில்லை. உன் போட்டோவை வீட்டுக்கு வந்து மறுபடி எடுத்துப் பார்த்தேன், இந்த முறை புதரை விட்டுவிட்டு ரோட்டைப் பார்த்தேன். எவ்வளவு சிவப்பு, எவ்வளவு நேராக, பூமியின் ஓரம் வரை போகிறது. அதன் அடியில் என்னென்ன படுத்திருக்கிறதோ, எத்தனை காலமாகவோ. அதன் மேல் நாலு கை அகலம் மட்டும் தொட்டுக்கொண்டு, ஊசியும் மருந்தும் வைத்துக்கொண்டு, யாரோ ஒரு அம்மாவுக்குப் பிரஷர் பார்க்க என் பெண் தனியாகப் போகிறாள். நான் பெற்றதுதானா இது என்று இருந்தது. பயந்துகொண்டே பார்த்ததால் இவ்வளவு நாள் இதை நான் பார்க்கவே இல்லை.

அதனால் இப்போது பதில் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள். ஆல் டெரெய்ன் வாங்கு. உன் கதவு ஸ்டிக்கரில் போட்டிருக்கிற அதே அளவு, உன் வண்டி லோடு தாங்குகிற வகை, அழகுக்காகப் பெரியது போடாதே. நாலு வாங்கி ஸ்டெப்னிக்குப் பழையதைப் போட்டு மிச்சம் பிடிக்காதே, அந்த வனாந்தரத்தில் ஐந்தாவது டயர்தான் உனக்கு அண்ணன் தம்பி எல்லாம், ஐந்தாகவே வாங்கு. பக்கச் சுவர் கெட்டியா என்று கேள், கல் குத்துவது அங்கேதான். செம்மண்ணில் இறங்கும்போது எவ்வளவு காற்று இறக்கலாம் என்று அந்த ஊர் மெக்கானிக்கிடம் கேட்டுத் தெரிந்துகொள், தாரில் ஏறினதும் மறக்காமல் திரும்ப அடித்துவிடு. காற்று பார்ப்பது காலையில் வண்டி எடுப்பதற்கு முன்னால், டயர் சூடானால் கணக்கு பொய் சொல்லும். டயர் புதிது என்று வேகம் எடுக்காதே, மழை பெய்தால் ரோடு மூடியிருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்பு. இன்னும் ஒரு வருஷம் போவதற்கான அந்தக் காகிதத்தில் கையெழுத்தைப் போடு. அம்மா சொன்னதாகவே போடு.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கை தொடுகிறவர்கள் எல்லாரும் சுகமாகட்டும். அப்பா உனக்கு முத்தம் சொல்லச் சொன்னார், ஸ்பானர் பையில் கையுறை வைத்துக்கொள்ளவும் சொன்னார். போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி, அங்கே சிக்னல் இல்லை என்றால் கிடைக்கிற இடத்தில் ஒரு வரி, அது மட்டும் தவறாதே. எனக்குப் பயம் போய்விட்டது என்று நினைத்துவிடாதே, அது போகவும் போகாது. பயப்படுகிற வேலையை இங்கிருந்து நான் பார்த்துக்கொள்கிறேன். நீ ரோட்டைப் பார்த்து ஓட்டு.

என்றும் உன் அன்பு அம்மா,
அமலராணி டேனியல்.