அப்பா வார்டில் சொல்லும் பொய்

பவானிபூர், கொல்கத்தா,
செவ்வாய் இரவு

மஹிமாவுக்கு அம்மா எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை, அப்படி எழுதினால் நானும் உன் அப்பா மாதிரி பொய் சொன்னவளாவேன். நீ நலமாக இரு, அதில் எனக்கு வேறு எண்ணம் கிடையாது. போனில் பேசினால் நீ பேசுகிறாய், நான் கேட்கிறேன், நடுவில் "மா, மீட்டிங்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் தாளில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். கிளாஸ்கோவில் உன் மீட்டிங் எல்லாம் முடிந்தபின் உட்கார்ந்து முழுதும் படி.

குடல் ஆபரேஷன் ஆன மறுநாள் அந்த இளவயசு டாக்டர் வந்து ஆராய்ச்சி என்று ஆரம்பித்தபோது, யோசிக்க வேண்டும் என்றுதான் நான் சொன்னேன். நீதான் அவரோடு போனில் இங்கிலீஷில் வெகுநேரம் பேசிவிட்டு, நல்ல ஸ்டடி மா, தைரியமா சேருங்க என்றாய். அப்பாவிடம், நீங்க சேர்ந்தா எனக்கு ரொம்பப் பெருமையா இருக்கும்பா என்றாய். பாதிப் பேருக்குக் கழுத்து நரம்பில் சத்து நீர் ஏற்றுவார்கள், பாதிப் பேருக்கு மூக்கில் குழாய் விட்டு நேரே குடலுக்குக் கொடுப்பார்கள், யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். அப்பாவுக்கு மூக்குக் குழாய் விழுந்தது. எது நல்லது என்று கேட்டேன், அது தெரியாததால்தான் ஆராய்ச்சி என்றார் டாக்டர். அதில் எனக்குச் சண்டை இல்லை. நான் பாட்டனி படித்தவள், ஒரு பாத்திக்கு ஒரு உரம், அடுத்த பாத்திக்கு வேறு உரம் என்று போட்டுப் பார்ப்பது எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. என் சண்டை உன்னோடு.

உன் அப்பா அதை உன் ஆராய்ச்சி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நீ அங்கே குழாய்ச் சாப்பாட்டு ஆராய்ச்சியில் வேலை பார்க்கிறாய், இந்த டாக்டரும் உன்னோடு அவ்வளவு நேரம் பேசினார், ஆகவே எல்லாம் ஒரே ஆபீஸ், நீ ஹெட் குவார்ட்டர்ஸ், இவர்கள் டிவிஷன். கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸில் காலத்தை ஓட்டியவருக்கு உலகமே அப்படித்தான் தெரியும். வார்டு முழுக்க, அமார் மேயேர் ரிசர்ச், என் மகளோட ஆராய்ச்சி என்று சொல்லி வைத்திருக்கிறார். பக்கத்துக் கட்டில்காரர் மூக்குக் குழாயைப் பிடுங்கப் போனால், பொறுத்துக்கோங்கண்ணா, என் பொண்ணு பார்த்துக்கிட்டிருக்கா என்கிறார். போன வாரம் இதை உன்னிடம் சொன்னபோது நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? சிரித்தாய். அப்பா ஸோ க்யூட் மா, அப்படியே நினைச்சுக்கட்டும் என்றாய்.

அந்த க்யூட் என்ன செய்கிறது என்று கேள். தினமும் காலையில் மிதாலி என்ற ஆராய்ச்சி நர்ஸ் வந்து, கஷ்டோ ஹொச்சே தாதா, கஷ்டமா இருக்காண்ணா, வயிறு வலிக்கிறதா, குமட்டுகிறதா என்று விசாரிக்கிறாள். இவர் முகத்தை மலர்த்திக்கொண்டு, கிச்சு நா, குப் பாலோ என்கிறார். ஒன்றும் இல்லையாம், ரொம்ப நன்றாக இருக்கிறதாம். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் விலாவைப் பிடித்துக்கொண்டு சுருண்டுகொள்கிறார். ஞாயிற்றுக்கிழமை என் துண்டில் வாந்தி எடுத்துவிட்டு, பைக்குள்ள வை, யாருக்கும் காட்டாதே என்றார். ஏன் இப்படிப் பண்றீங்க என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். நான் கஷ்டம்னு சொன்னா அவ ரிசல்ட் கெட்டுப்போயிடும், ஆபீஸ்ல அவ சி.ஆர். ரிப்போர்ட்ல சிவப்பு மை விழும், அவளுக்குப் புது வேலை, நீ சும்மா இரு என்றார்.

நான் சும்மா இருக்கவில்லை. துண்டைக் கொண்டுபோய் மிதாலியிடம் காட்டினேன். தையல் போட்ட குடல், சின்ன வலி என்றாலும் உடனே சொல்ல வேண்டும் என்று டாக்டர் முதல் நாளே எச்சரித்திருக்கிறார், இல்லையா? அவள் பதறிப்போய்க் குழாயை நிறுத்தி டாக்டரைக் கூட்டி வந்தாள். உன் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? இவ ஆசைப்பட்டு எனக்கு ரெண்டு வாய் தண்ணி கொடுத்தா, அதான் குமட்டிச்சு என்றார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வாய் வழியாக எதுவும் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், நான் ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கவில்லை, மஹிமா. வயிற்றை அழுத்திப் பார்த்தார்கள், அசையாமல் படுத்திருந்தார். ஸ்கேனில் அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுபடி குழாய் ஓட ஆரம்பித்தது. பௌதி, அண்ணி, படிச்சவங்க நீங்களே இப்படிச் செஞ்சா நாங்க யாரைத் திட்டுறது என்று மிதாலி வார்டு நடுவில் என்னை விளாசினாள். இப்போது மாலை ஐந்திலிருந்து ஆறு வரைதான் எனக்கு அனுமதி, அதுவும் கைப்பையைத் திறந்து காட்டிவிட்டு.

ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று டாக்டரிடம் கேட்டேன். நினைவோடு இருக்கிறார், அவரேதான் சொல்ல வேண்டும், சொன்னால் அந்த நிமிஷமே விட்டுவிடுவோம், வைத்தியத்தில் ஒரு குறையும் வராது என்றார். அப்பாவிடம் போய்ச் சொன்னேன், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இது மஹிமா ஆராய்ச்சி இல்லை என்றேன், உனக்கு என்ன தெரியும் என்றார். மிதாலியை விட்டும் சொல்ல வைத்தேன். அவளைப் பார்த்தே கண் சிமிட்டினார், ரகசியத்தைக் காப்பாற்றுகிறாராம். கீழ் வீட்டு மாஷிமா படியில் பார்க்கும்போதெல்லாம் இன்றைக்கு என்ன சாப்பிட்டார் என்கிறாள். உன் பெருமையைச் சாப்பிடுகிறார் என்று சொல்லலாம் போல வருகிறது, அடக்கிக்கொள்கிறேன்.

உனக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வலி என்கிற இடத்தில் இல்லை என்று எழுதினால் அந்த ஆராய்ச்சி என்ன ஆகும் என்று எங்களைவிட உனக்குத்தான் தெரியும். அது எப்படியோ போகட்டும், எனக்கு அவர் வயிறுதான் முக்கியம். இன்று மாலை அது நேற்றைவிட விறைப்பாக இருந்தது, நான் கை வைத்ததும் தட்டிவிட்டார். டாக்டரிடம் சொன்னேன், பார்க்கிறோம் என்றார், ஆனால் தண்ணீர் கொடுத்த பெண்டாட்டியின் பேச்சு எவ்வளவு எடுபடும்?

ஆகவே நாளை மாலை ஐந்து மணிக்கு என் போனில் வீடியோவில் வா. அங்கே உனக்கு அது மதியத்துக்கு முன்னே பின்னே இருக்கும், எந்த மீட்டிங் இருந்தாலும் எழுந்து வா. டாக்டரோடு பேசாதே, என்னோடும் பேசாதே. அப்பாவோடு பேசு, தமிழில் பேசு. இது உன் ஆராய்ச்சி இல்லை, உனக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, இங்கே யாருக்கும் உன்னைத் தெரியாது என்று சொல். சிரிக்காமல் சொல். அவர் முகம் விழுந்துபோகும், வார்டு முழுக்கச் சொல்லி வைத்தவருக்கு அது எவ்வளவு பெரிய அவமானம் என்று எனக்குத் தெரியும். அதை நான் கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன். சொல்ல வேண்டியவள் நீ. சொல்லி முடித்ததும் போனை வைத்துவிடாதே, அவர் மிதாலியைக் கூப்பிட்டு, எங்கே வலிக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டும்வரை இரு.

மூன்று வேளையும் ரொட்டியைத் தின்றுகொண்டு இருக்காதே, குளிரில் ஈரத்தலையோடு வெளியே போகாதே. தெய்வம் உன்னை நன்றாக வைக்கட்டும், நோய் நொடி இல்லாமல் இரு. இதை நிஜமாகத்தான் சொல்கிறேன், கோபம் வேறு. ஐந்து மணி, மறக்காதே.

அம்மா
ஜெயப்ரியா