முன்வரிசையில் நிறுத்தியவன்

அன்புள்ள மகளுக்கு,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும் என்று இன்று முடிவு செய்துவிட்டேன். அம்மாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே எங்கள் உடம்புக்குக் குறையொன்றும் இல்லை, நீயும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் நாடகம் அரங்கேறி நாலு மாதமாகிறது, நான் அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை, நீயும் கேட்கவில்லை. கோபம்தான், மறைப்பானேன். ஆயர் இல்லத்து அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாகக் கடிதங்களை எழுதியும் திருத்தியும் குப்பை கொட்டுகிறவன் நான். அங்கே முதுகுக்குப் பின்னால் என்னைக் 'காற்புள்ளி' என்று கூப்பிடுகிறார்கள் என்று சாப்பாட்டு மேசையில் உன்னிடம் சொன்னதும் நான்தான். அதையும் விட்டுவைக்காமல் நாடகத்தில் சேர்த்துவிட்டாய்.

போன வாரம் செயலர் சாமியார் குருக்கள் அத்தனை பேரையும் கூட்ட அறைக்கு வரவழைத்து, நாடகத்தின் ஒளிப்பதிவைத் திரையில் போடச் சொன்னார். திரையை மாட்டி, ஒயரைச் செருகி, ஜன்னல்களைச் சாத்தி, என்னை நானே பார்க்க உட்கார்ந்தேன். ஆண்டு மலருக்குப் படம் எடுக்கும் காட்சி வந்தது. குமாஸ்தா முற்றத்துத் தரையில் சாக்பீஸால் குறி போட்டு, யார் எங்கே நிற்பது என்று விரட்டுகிறான், வேற்று நாட்டிலிருந்து வந்த கறுத்த சாமியாரை மட்டும் தோளைப் பிடித்து ஆயருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறான். அந்தக் கூன், இடுப்பில் ஒரு கை, பாக்கெட் ஓரத்தில் சாக்பீஸ் தூள், எல்லாம் நானே. அறையே சிரித்தது. ஒருவர் என் முதுகில் தட்டி, "உங்களை அப்படியே உரிச்சு வச்சிருக்கா சார் உங்க பொண்ணு" என்றார். அடுத்து திரையில் அந்தக் கறுத்த சாமியார் பேசினார். "படம் புடிக்கணும்னா முன்னால வாங்கன்னு கூப்பிடுறீங்க, முடிவெடுக்கணும்னா கதவைச் சாத்திடுறீங்க." சிரிப்பு நின்றுவிட்டது. நீ கறுத்த சாமியாராக ஆக்கிய நம் நெட்டைச் சாமியார் போன வருடம் அந்தக் குறியில் நின்றபடி என் காதோடு சொன்ன வார்த்தை அது. அவர் சொல்ல, நான் உன்னிடம் சொல்ல, நீ ஊருக்கே சொல்லிவிட்டாய். திரும்பிப் பார்த்தேன், கடைசி வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். படத்துக்குத்தானே அவருக்கு முன்வரிசை.

பதினோரு வருடமாக அவர் பொறுப்பில் ஒரு பங்குக் கோயிலைக் கொடுக்கவில்லை, ஆஸ்பத்திரி, அடக்கம், விடுப்பில் போனவர்களுக்குப் பதில் பூசை, இவ்வளவுதான். அந்த நியமனப் பட்டியலைத் தட்டச்சு செய்கிறவன் நான், 'பல தேசம், பல நிறம், ஒரே குடும்பம்' என்று படத்துக்கு அடியில் வரி எழுதுகிறவனும் நான். நீ எழுதியதில் பொய் இல்லை. ஆனால் கண்ணீரை அவருக்கும் இடி முழக்கத்தை ஆயருக்கும் கொடுத்துவிட்டு, சிரிப்பை மட்டும் பெற்றவன் தலையில் கட்டினாய், அதுதான் இன்னும் ஆறவில்லை.

மறுநாள் செயலர் கூப்பிட்டார். "நீங்க வெளியில எதுவும் சொல்லியிருக்க மாட்டீங்கன்னு எங்களுக்குத் தெரியும், அதையே எழுதிக் குடுத்துட்டா விஷயம் முடிஞ்சிடும், நீங்கதான் நல்லா எழுதுவீங்களே" என்றார். படத்துக்காக யாரையும் நிறுத்தியதில்லை, எல்லாம் என் மகளின் கற்பனை என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நாம் குடியிருக்கும் வீடு அவர்களுடையது, ஓய்வுக்கு இன்னும் நாலு வருடம் இருக்கிறது, சமையலறை ஜன்னலைத் திறந்தால் அலுவலகச் சுவர். உன் அம்மா, "போடுங்கன்னும் சொல்ல வரல, போடாதீங்கன்னும் சொல்ல வரல, என்னைக் கேக்காதீங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போய் நெட்டைச் சாமியாரைக் கேட்டேன். "போடுங்க சார், போடாட்டி மட்டும் எனக்குப் பங்கு குடுத்துடப் போறாங்களா?" என்று சிரித்தார். பிறகு, "உங்க பொண்ணு ஏன் என்னை இவ்ளோ நல்லவனா எழுதிட்டா? ஒவ்வொரு வருஷமும் அந்தக் குறியில போய் நின்னது நான்தானே" என்றார். இதை உன்னிடம் சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன்.

இன்று காலை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு பிழை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பங்கு மடலில் அச்சாகும், நம் ஊர்க்காரர்கள் யாராவது உனக்கு அனுப்பிவைப்பார்கள். அதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன். பதில் போட்டால் அலுவலக முகவரிக்குப் போடாதே, அங்கே தபாலைப் பிரிக்கிறார்கள். கண்ணாடியை மாற்றிக்கொள், தலைவலி அதனால்தான். கடவுள் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும், உன் கை இன்னும் எழுதட்டும், அடுத்த நாடகத்தில் குமாஸ்தா வந்தால் அவனுக்கும் ஒரு நல்ல வசனம் கொடு.

இப்படிக்கு என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன், மறுபடி திறந்தேன். காலையில் அங்கே போட்ட அதே கையெழுத்தை இங்கேயும் போட்டால், இதை மட்டும் நீ எப்படி நம்புவாய்? என் எழுத்து உனக்குத் தெரியும். பெயர் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.