ஒன்றரை அடி

நவ. 3, திங்கள்

விடியும்போதே மூடாக்கு. திருவேங்கடத்துக் காடு அளக்கிற வேலை தள்ளிப்போட்டாயிற்று. கரிசல் சேற்றில் கருவியின் முக்காலி நிற்காது.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மகள் பொன்னி போன். வியாழன் அவள் வீட்டு பேஸ்மென்டுக்கு கான்கிரீட். மனைக்காரன் கொடுத்த வரைபடத்தில் தரைமட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 2.40 மீட்டர். "ரோட்டைவிட ஒசரம்பா. கடத்தண்ணி ஏறாதுன்னு சொல்லுதாங்க." சொல்லத்தான் செய்வான். விற்கிறவன் பள்ளம் என்றா சொல்வான்?

மாப்பிள்ளை செல்போனில் பார்த்தாராம், 6 மீட்டராம். வானத்திலிருந்து எடுத்த கணக்கு. பனை உச்சியையும் தரை என்று காட்டும். அதையும் நம்பக் கூடாது.

கைக்குழந்தை இருக்கிற வீடு. புயல் நாளில் கணக்கு ஒரு முழம் தப்பினாலும் வாசலில் நிற்க வேண்டிய தண்ணீர் தொட்டில் வரைக்கும் வந்துவிடும். பயமாக இருக்கிறது.

பிரஷர் மாத்திரை. குடைக்குக் கம்பி. மறக்கக் கூடாது.

நவ. 4, செவ்வாய்

தூறல். வரைபடம் போட்டோவாக வந்தது. அளந்தவன் பெயர் இல்லை. அங்கேயே இடிக்கிறது.

புரோக்கரிடம் கேட்டேன். "பக்கா லெவல் அண்ணாச்சி. பழைய ஆளு, கைதேர்ந்த ஆளு." பேர்? "அது... பாத்துச் சொல்லுதேன்." இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

போன வாரத்து மழையில் ரோடு காய்ந்து கிடக்க, பக்கத்து மனையில் கணுக்கால் தண்ணீராம். ரோடு 2.15, மனை 2.40. மேட்டில் தண்ணீர் நின்று பள்ளம் காயுமா? ரோட்டு மட்டம் ரோடு போட்டவர்கள் தனியாக எடுத்தது. அப்படியானால் மனை எண்தான் பொய். எவனோ தடியன் கருவியைத் தொடாமலே எழுதியிருக்கிறான். பொன்னியிடமும் அப்படியே சொன்னேன், இன்னும் நாலு வார்த்தை சேர்த்து.

சாப்பிட்டுவிட்டு மறுபடி பார்த்தேன். மூலையில் பொடி எழுத்து: 'ஆதாரம் – குருசடிப் பீடத்தின் மேல் குறி.' அந்தக் குறியின் உயரத்தை வைத்துத்தான் எல்லா மனையின் மட்டமும். குருசடி... சிலுவை நட்ட பீடம், சுற்றி உப்பளம். எங்கேயோ பார்த்தது.

நவ. 5, புதன்

பரணில் பழைய அளவுப் புத்தகங்கள். ஒரே தும்மல். அதில் ஒன்று ஒன்பது வருடத்துக்கு முந்தையது. 2.40, 2.35, 2.38. அதே வரிசை. என் கையெழுத்து.

அப்போது வெறும் உடைமரக் காடு. ஒரு இன்ஜினியர் சொல்லி அளந்து கொடுத்தது. இப்போது ஏதோ நகராம். கணக்கை மூன்று தரம் போட்டேன். தப்பில்லை. பின்னே?

டீக்கடையில் செல்லையா. பனவடலிசத்திரத்துக்காரன், இருபது வருடமாக எனக்கு அளவுகோல் பிடிக்கிறவன். கருவியில் கண் வைக்கிறது நான், குறியில் கோலை நிறுத்துகிறது அவன்.

"குருசடியில கோலை எங்கன வச்ச?"

"கீழ்ப் படியில அண்ணாச்சி."

"குறி மேலயில்லா இருந்துச்சு?"

"சாமி பீடம்லா. காலெல்லாம் சேறு, கோலும் சேறு. எப்படி ஏற? படி ஒண்ணரை அடிதான, அதுல என்ன வந்துரப் போவுது?"

கோல் ஒன்றரை அடி கீழே நின்றது, நான் மேலே நிற்பதாக எழுதினேன். எல்லா மனையும் காகிதத்தில் ஒன்றரை அடி உயர்ந்துவிட்டது. நிஜத்தில் 1.95. ரோட்டைவிடப் பள்ளம். எல்லாரையும் சந்தேகப்பட்டேன். எழுந்துபோய் அந்தக் கோலை ஒரு தரம் பார்க்கவில்லை. வெட்கம்.

கான்கிரீட்டை நிறுத்தச் சொல்லிவிட்டேன். "நம்ம வீட்டை ரெண்டடி ஏத்திக்கிடலாம்பா. குடியேறிட்ட முப்பது வீட்டுக்காரங்களுக்கு யாரு சொல்லுவா?" என்றாள். பிறகு, "அந்தத் தடியன் யாருன்னு தெரிஞ்சுதா?"

நான்தான் என்றேன். 

நவ. 6, வியாழன்

மழை. முதல் பஸ். மடியில் கருவி. செல்லையா பக்கத்தில், காலைக் கழுவிவிட்டுப் பீடத்தில் ஏறுவதாகச் சொல்கிறான். முதலில் மறுபடி அளக்க வேண்டும். அப்புறம் முப்பது கதவு. புரோக்கர் போன் செய்தான்: "பேரு கிடைச்சிட்டு அண்ணாச்சி. சொல்லட்டா?"

வேண்டாம் என்றேன்.