பன்னிரண்டாவது படம்

ராயபுரத்தில் டாக்டருக்காகக் காத்திருந்தேன். எதிர்ச் சுவரில் கண்ணாடி போட்ட கட்டுமரப் படம். அடியில் பென்சிலில் 7/30. "அது இன்னா சார் கணக்கு?" என்றார் கம்பவுண்டர். மொத்தம் முப்பதுதான் அச்சடித்தார்கள், இது ஏழாவது என்றேன். டாக்டரைப் பார்க்காமலே எழுந்து வந்துவிட்டேன். வந்து இதை எழுத உட்கார்ந்தேன், மாமு.

நீ அச்சகத்தில் துணிமூட்டை முத்திரைகளுக்கு மரக்கட்டை செதுக்கினவன். நான் அதே அச்சகத்தில் மெஷின்மேன். திருவொற்றியூரில் ஒரு பட்டறை வாசலில் போலீஸ் தடியடி நடந்த மறுநாள் நீ புதுக் கட்டையை எடுத்தாய். விழுந்து கிடக்கிறவனையும், அவன் தலைக்கு மேல் ஓங்கிய தடியையும் செதுக்கினாய். முதல் தாளைப் பார்த்துவிட்டு, "கருப்பு தூக்கலா கீது. இது புரூஃபு, கிழிச்சிப் போடு" என்றாய். அப்புறம் பன்னிரண்டு அடித்தோம்.

நம்பர் போடச் சொன்னது நான்தான். மேதாவித்தனம், வேறென்ன. யாரோ ஓவியர் பேசக் கேட்டிருந்தேன். எத்தனையில் எத்தனையாவது என்று எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். பிறகு யாரும் கூடுதலாக அடிக்காதபடி கட்டையின் குறுக்கே உளியால் கீறிவிட வேண்டும். அதுதான் படத்துக்கு மரியாதை என்றேன். "நம்ம கிறுக்கலுக்கு மருவாதியா?" என்று சிரித்தாய். ஆனாலும் எழுதினாய், கீறினாய். பன்னிரண்டாவதை என் கையில் கொடுத்தாய். மற்றதெல்லாம் பட்டறை ஆட்களுக்குப் போனது.

இரண்டு நாள் நம் தெருமுனையில் ஒரு ஜீப் நின்றது. யாரும் இறங்கவில்லை. மூன்றாம் நாள் இன்ஸ்பெக்டர் ஒரு படத்தோடு உன் வீட்டுக்கு வந்தார். "பன்னெண்டுல இது நாலு. மீதி எங்கடா?" நம்பர் மட்டும் இல்லாதிருந்தால் கிடைத்ததை வாரிக்கொண்டு போயிருப்பார்கள். உன்னை ஏற்றிப் போனார்கள். வீடு வீடாக ஏறிப் பதினொன்றைச் சேர்த்துவிட்டார்கள். கடைசி ஒன்றுக்காக உன்னை விடவில்லை.

அது புரூஃபு, கிழித்துவிட்டேன் என்றே சொன்னாயாம். "புரூஃபுக்கு எவன்டா நம்பர் போடுவான்?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார்களாம். என் பேரை நீ சொல்லவே இல்லை.

இருபது நாள் கழித்து வந்தாய். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத் தண்ணீர் குடித்தாய். வலது கை விரல்கள் மடங்கவில்லை. இனி உளி பிடிக்க முடியாது என்று பார்த்ததுமே தெரிந்தது. என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். "பத்திரமா கீதா?"

உன்னை ஏற்றிப் போன அன்றைக்கே அதை அடுப்பில் போட்டுவிட்டேன், மாமு. பயம். எரிந்து முடியும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இல்லாத காகிதத்துக்காக இருபது நாள் அடி வாங்கிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாய். "பத்திரமா கீது" என்றேன். நீ சிரித்தாய். அதற்கப்புறம் கையைப் பற்றி நீ ஒருநாளும் குறை சொன்னதில்லை.

கண்ணை மூடுவதற்கு முன் உன் மகளிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். "சித்தப்பா, அப்பா செஞ்சதுல ஒண்ணு உங்ககிட்ட கீதாமே" என்று மூன்று முறை வந்துவிட்டாள். மூன்று முறையும் பெட்டி அடியில் இருக்கிறது, எடுத்து வைக்கிறேன் என்று அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிச் சட்டத்தோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அளவு கேட்டாள். அதையும் சொல்லிவிட்டேன்.