அம்மாளாச்சிக்கு எழுதிய கொப்பிகள்

என் அன்பு மச்சாளுக்கு,

நாளை மறுநாள், நீங்கள் கண்மூடி முப்பத்தோராம் நாள். புளியங்கூடல் வீடு முழுக்க ஆட்கள். உங்கள் மகன் குகனும் கனடாவிலிருந்து வந்து நிற்கிறான். எனக்கு உதவி என்று குசினிக்குள் நாலு பேர். உப்புப் போத்தல் எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. நீங்கள் இருந்திருந்தால் எல்லோரையும் கலைத்திருப்பீர்கள்.

உங்களைக் கட்டிய என் அண்ணை காலமான பிறகு இந்த வீட்டில் நாம் இருவருந்தானே. பின்னேரம் விளக்கு ஏற்றியதும், திருநீறு பூசிக்கொண்டு, கொப்பியும் பேனையுமாகச் சாமி அறையில் உட்கார்ந்துவிடுவீர்கள். அன்று நடந்ததை நயினாதீவுக் கோயில் அம்மாளுக்கு எழுதிச் சொல்லாமல் சோற்றில் கை வைக்கமாட்டீர்கள். நான் எவ்வளவு நையாண்டி பண்ணியிருப்பேன்!

"நேற்றும் முருங்கையிலை, இண்டைக்கும் முருங்கையிலை. அம்மாளாச்சிக்கு அலுக்காதே மச்சாள்?"

"நீர் சமைக்கிறதைத்தானே நான் எழுத ஏலும்?"

நயினாதீவுக்குப் படகேறிய நாட்களில் மட்டும் கொப்பி திறக்கமாட்டீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, "அதுதான் நேரை போய்ச் சொல்லிப்போட்டு வந்திட்டனே. பிறகென்ன எழுதுறது?" என்றீர்கள். அந்த நம்பிக்கையை நினைத்தால் இப்போதும் பொறாமையாக இருக்கிறது. அதே கோயிலில் நான் கேட்டதெல்லாம் இதைத் தா, அதைத் தா என்றுதான்.

நாம் சண்டை பிடித்த நாட்கள் குறைவா? நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிணற்றடியில் நிற்பேன். நீங்கள் எழுதி முடித்து வந்து, "தேத்தண்ணி போடட்டே?" என்பீர்கள். ஒருநாள் பொறுக்க முடியாமல், "என்னைப் பற்றி முறைப்பாடோ?" என்று கேட்டேன்.

"ஓம். ஆனால் எழுத எழுத என்ரை பிழையும் வந்திட்டுது. அதை வெட்ட ஏலாது. அவ கண்டிடுவா."

இந்த நேர்மை எத்தனை பேருக்கு வரும், சொல்லுங்கள். எட்டிப் பார்க்க வந்த என்னை, "கோயிலிலை ஒராள் கும்பிடேக்கை பக்கத்திலை போய்க் காது குடுப்பீரே?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியதும் நீங்கள்தான். அதன் பிறகு நான் எட்டிப் பார்த்ததில்லை.

போன கிழமை நினைவு மலர் அச்சடிக்கிற பேச்சு வந்தது. உங்கள் கொப்பிகள் பூட்டிக் கிடக்கிற அலுமாரியின் திறப்பைக் குகன் கேட்டான்.

"மாமி, அம்மான்ரை கொப்பியிலை நாலு பக்கம் போடுவம். அவ என்ன மாதிரி ஆளெண்டு சனம் வாசிக்கட்டும்."

நல்ல எண்ணந்தான். ஆனாலும் நான் மாட்டேன் என்றேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களைப் பற்றி என்ன எழுதிக் கிடக்கோ எண்டு பயமோ?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டான்.

பயம் இருந்ததுதான் மச்சாள், ஏன் பொய் சொல்ல? ஆனால் என்னைப் பற்றி எழுதியதை ஊர் வாசித்தாலும் நான் தாங்கிக்கொள்வேன். நீங்கள் அம்மாளாச்சி ஒருத்தியை நம்பி, அவளிடம் மட்டும் சொன்னதை எப்படி ஊருக்குக் கொடுப்பது? அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தாயின் கையெழுத்தைத் தேடி வந்த பிள்ளையைத் தடுக்கவும் மனம் வரவில்லை.

திறப்பை அவன் கையில் வைத்தேன். "உனக்கில்லாத உரிமை எனக்கில்லை, மோனே. ஆனால் அவ ஆருக்கு எழுதினவ எண்டதை நினைச்சுக்கொண்டு திற."

அலுமாரியைத் திறந்தான். அடுக்கியிருந்த கொப்பிகளை விரலால் ஒவ்வொன்றாக எண்ணினான். ஒன்றை எடுத்து அட்டையைத் தடவினான், திறக்காமலே திரும்ப வைத்தான். அடியில் நீங்கள் எழுதாத புதுக் கொப்பி ஒன்று இருந்தது. அதை மட்டும் எடுத்துக்கொண்டு, "அப்ப மலருக்கு என்னத்தைப் போடுறது, மாமி?" என்று கேட்டான்.

அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஊர் வாசிப்பதென்றால் என்னுடையதை வாசிக்கட்டும்.

நேற்றுப் பின்னேரம் விளக்கு ஏற்றிவிட்டுத் திரும்பினால், நீங்கள் உட்கார்ந்து எழுதுகிற இடத்தில் குகன் அந்தப் புதுக் கொப்பியோடு இருக்கிறான். என்னைக் கண்டதும் எழுதியதைக் கையால் மறைத்தான்.

"பாக்காதேங்கோ மாமி. அம்மாவுக்கு எழுதுறன்."

நான் பார்க்கவில்லை. உங்கள் கொப்பிகளையும் அவனுடையதையும், நான் இருக்கும்வரை ஒருவரும் வாசிக்க விடமாட்டேன். அவன் என்ன எழுதினான் என்று எனக்குத் தெரியாது, மச்சாள். உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

என்றும் உங்களோடு சண்டை பிடிக்கக் காத்திருக்கும்
உங்கள் மச்சாள்,
பரமேஸ்