அந்தக் கேள்விக்கு நான் ஆமாம் என்றேன்

அன்னூர்,
18.10.2025

அன்பு மகள் நித்யஸ்ரீக்கு உன் அப்பா தனபால் எழுதுவது. இங்கே நான் நடமாட்டமாக இருக்கிறேன், சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. நீயும் கிருபாசங்கர் மாப்பிள்ளையும் பாப்பாவும் அங்கே ஒரு குறையுமில்லாமல் இருக்க மன்னீஸ்வரன் துணை இருக்கட்டும். தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நீ போனை மேசை மேல் வைத்துச் சத்தமாக விடுகிறாய், பாப்பா குறுக்கே பேசுகிறாள், மாப்பிள்ளை தலையைக் காட்டிவிட்டுப் போகிறார். இது அப்படிச் சொல்லக்கூடிய சங்கதி இல்லை. அதனால் எழுதி ஒட்டித் தம்பிதுரை மாமாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படி கண்ணு.

மழை இந்த வருஷம் போக்குக் காட்டுகிறது, வானம் கறுத்துக்கொண்டு வந்து கிழக்கே போய்விடுகிறது. தென்னையில் வெள்ளை ஈ இன்னும் போகவில்லை, மட்டையெல்லாம் கரி பூசியது போல நிற்கிறது. நம் பக்கத்துத் தோட்டத்துக் கண்ணையா மகள் சண்முகப்ரியாவுக்கு நிச்சயம் முடிந்தது, திருப்பூர் மாப்பிள்ளை, நானும் போய்ச் சாப்பிட்டு வந்தேன். பந்தியில் உட்கார்ந்த பத்து பேரில் எட்டுப் பேர் அமெரிக்கா விசா வந்துருச்சுங்களா என்றுதான் கேட்டார்கள். கேட்கிறவர்கள் நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள், ஆனால் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் கசந்துவிட்டது. இப்போதெல்லாம் பால் சொசைட்டிக்குக் கூடப் பின்பக்கத்து இட்டேரி வழியாகத்தான் போகிறேன்.

நேர்காணல் முடிந்து பதினோரு வாரம் தாண்டிவிட்டது. தினமும் காலையில் ஜாவித் தம்பியின் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய் எண்ணைத் தட்டிப் பார்க்கச் சொல்வேன். தட்டினால் நிராகரிக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் வருகிறது. முதல் நாள் அதைப் பார்த்ததும் எல்லாம் முடிந்தது என்று எழுந்துவிட்டேன். ஜாவித்தான், அது முடிவு இல்லைங்கய்யா, கேட்ட பேப்பர் போய் அவங்க பார்க்கிற வரைக்கும் அப்படித்தான் காட்டுமுங்க, அட்மினிஸ்ட்ரேட்டிவ் பிராசஸிங்னு பேருங்க என்று விளக்கினார். எத்தனை நாள் ஆகும் என்றால் அதற்குக் கணக்கில்லையாம், மூன்று வாரத்திலும் வரும், ஒரு வருஷமும் ஆகுமாம். உன் கழுத்துக் கட்டிக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியுமா? எனக்காகவே செப்டம்பரில் இருந்த ஆபரேஷனை ஒரு தடவை தள்ளிப் போட்டாய். இனித் தள்ள முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வருகிற வியாழக்கிழமை நீ ஆஸ்பத்திரிக்குள் போகிறாய், நான் இங்கே தென்னைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருப்பேன்.

இந்தத் தாமதம் எதனால் வந்தது என்று உனக்குப் பாதிதான் தெரியும். படிவம் நிரப்பின அன்று ஜாவித் ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் படித்து, அவரே இல்லை இல்லை என்று போட்டுக்கொண்டே வந்தார். தொற்றுநோய் உண்டா, இல்லை. போதைப் பொருள் உண்டா, இல்லை. எப்போதாவது கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா என்று வந்ததும் அதற்கும் இல்லை என்று போடப் போனார். எனக்கு இந்தப் பக்கம் மாமாவும் அந்தப் பக்கம் கண்ணையாவும் உட்கார்ந்திருந்தார்கள். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, ஆமாம் என்று போடுங்கள் தம்பி, கரண்டுக் கட்டணப் போராட்டத்தில் பதினோரு நாள் உள்ளே இருந்தவன் நான் என்றேன். வேண்டாமுங்கய்யா, நாப்பத்தஞ்சு வருசத்துக் கதை யாருங்க கேக்கப் போறா என்று அவர் கெஞ்சினார். ஜெயிலுக்குப் போனதை மறைக்கிற குடும்பமில்லைங்க எங்களுது என்று சத்தமாகவே சொன்னேன். மாமா வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சென்னை அமெரிக்கத் தூதரகத்தில் நேர்காணல் எடுத்த அம்மா, பக்கத்தில் ஒருவர் தமிழில் எடுத்துச் சொல்ல, என்ன வழக்கு, எந்தக் கோர்ட்டு, தீர்ப்புக் காகிதம் எங்கே என்று கேட்டார். இல்லை என்றதும் ஒரு சீட்டைக் கொடுத்து, அதையெல்லாம் வாங்கி அனுப்புங்கள் என்று அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு நானும் மாமாவும் ஏறி இறங்காத இடமில்லை. போலீஸ் ஸ்டேஷன், கோர்ட்டு ரெக்கார்ட் ரூம், ஜெயில் ஆபீஸ் என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. மாமா எங்கேயும் உள்ளே வரமாட்டார், வேப்பமர நிழலில் நின்றுகொள்வார். ஸ்டேஷன் ரைட்டர் நல்ல மனுஷர், பழைய கட்டுகளைத் தூசி தட்டிப் பார்த்துவிட்டு, உங்க பேர்ல ஒண்ணுமே இல்லைங்களே ஐயா, நல்லதுதானுங்களே என்று சிரித்தார். கடைசியில் உங்கள் மீது எந்தக் காலத்திலும் எந்த வழக்கும் இருந்ததாகப் பதிவில்லை என்று ஒரு காகிதம் கொடுத்தார்கள். அதை அனுப்பி ஐந்து வாரம் ஆகிறது. நான் ஆமாம் என்கிறேன், காகிதம் இல்லை என்கிறது, அவர்கள் எதை நம்புவார்கள்?

போன ஞாயிற்றுக்கிழமை நீ அழுதாய். ஏனுங்கப்பா, எனக்காக அந்த ஒரு கேள்விக்கு இல்லைன்னு சொல்லியிருக்கக் கூடாதுங்களா என்று கேட்டாய். அதை நான் தாங்கிக்கொண்டேன். அப்புறம் மூக்கை உறிஞ்சிவிட்டு, சரி விடுங்கப்பா, நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும் என்றாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நித்யா, நான் ஜெயிலுக்குப் போகவில்லை. ஒரு நாள் கூடப் போகவில்லை. மறியலுக்குப் போனது உண்மை. போலீஸ் வேன் வந்து தடியைத் தூக்கினதும் சோளக்காட்டுக்குள் விழுந்து ஓடினேன். ஓடினவன் நிற்காமல் புளியம்பட்டியில் என் அத்தை வீட்டுக்குப் போய்ப் பதினோரு நாள் வெளியே தலை காட்டாமல் இருந்தேன். திரும்பி வந்தபோது டீக்கடையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள், உள்ளே இருந்துவிட்டு வருகிறேன் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை, அவ்வளவுதான் நான் செய்தது. அப்புறம் சொல்லச் சொல்ல எனக்கே அங்கே இருந்தது போலத் தோன்ற ஆரம்பித்துவிட்டது, கம்பி எப்படி, களி எப்படி என்றெல்லாம் சொல்லியிருக்கிறேன். நீ ஐந்தாவது படிக்கும்போது அதைப் பள்ளிக்கூட மேடையில் சொல்லிப் பரிசு வாங்கி வந்தாய். அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும். இல்லாத ஒரு காகிதத்தை, இல்லை என்று தெரிந்தே ஆபீஸ் ஆபீஸாகத் தேடி அலைந்தேன் கண்ணு, அதிலும் உன் ஆபரேஷன் நாள் நெருங்கிக்கொண்டிருக்கும்போது. கூட வந்தவர் முகத்துக்குப் பயந்துதான் அலைந்தேன்.

திங்கட்கிழமை மறுபடியும் கோயமுத்தூரில் விசாரித்துவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் மாமாவிடம் சொன்னேன். இரைச்சலில் முதல் தடவை அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது, முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். கணேசபுரம் தாண்டினதும் மாமா, "தெரியுமுங்க மாப்பிள்ளை. நீங்க புளியம்பட்டியில இருந்தது எங்கப்பனுக்கு அப்பவே தெரியுமுங்க. பயந்தவன் ஊட்டைப் பார்த்துக்குவான், எம்புள்ளைக்கு அது போதும்னுதானுங்க பொண்ணைக் குடுத்தாரு" என்றார். உங்கம்மாவுக்கும் தெரியுமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது, இனிக் கேட்டுத்தான் என்ன.

மாமா நிஜமாகவே இருபத்தாறு நாள் உள்ளே இருந்தவர். ஊரில் பெரியவர்களுக்கு மட்டும்தான் அது தெரியும். டெக்சாஸில் இருக்கும் அவர் மகனுக்கே தெரியாது. அவன் அங்கிருந்தபடியே அவருக்குப் படிவம் நிரப்பும்போது இந்தக் கேள்வியைக் கேட்கக்கூட இல்லையாம், அவருக்கும் ரங்கம்மாள் அத்தைக்கும் பத்து வருஷ விசா அடித்துக் கொடுத்துவிட்டார்கள். மகனிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்லி என்னங்க ஆகுது என்று அதோடு விட்டுவிட்டார். இறங்கும்போது, நானும் ரங்கம்மாளும் போய்ப் புள்ளையப் பார்த்துக்கறமுங்க, நீங்க கவலைப்படாதீங்க என்றார். தீபாவளிக்கு முந்தின நாள் கிளம்புகிறோமே என்று அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாளைக்கு விமானம் ஏறி செவ்வாய்க்கிழமை உன் வீட்டில் இருப்பார்கள். வேறு யாரையாவது போகச் சொல்லிக் கேட்டிருந்தால் ஆகஸ்டிலேயே இந்த ஏற்பாடு ஆகியிருக்கும், செப்டம்பரிலேயே உனக்கு ஆபரேஷன் முடிந்திருக்கும்.

நேற்று ஜாவித்திடம் நடந்ததை நடந்தபடி சொல்லி, நான் கைதாகவே இல்லை, படிவத்தில் சொன்னது பொய் என்று எழுதி அனுப்பச் சொல்லிவிட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்காமல் தட்டினார். இதை வெச்சு எப்பவுமே வர வேண்டாம்னு சொன்னாலும் சொல்வாங்கய்யா என்றார். சொன்னால் சொல்லட்டும். அந்தக் கவர்ன்மெண்டின் மேல் நீ கோபப்படாதே, மாப்பிள்ளையையும் மெயில் மேல் மெயில் போட வேண்டாம் என்று சொல். கேட்டதை அவர்கள் சரியாகத்தான் கேட்டார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் இதைச் சொல்லலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். அப்பா பொய் சொல்லாதவர், அதனால்தான் வர முடியவில்லை என்று நினைத்துக்கொண்டு நீ உள்ளே போவது எனக்குப் பொறுக்கவில்லை. திட்ட வேண்டும் என்று தோன்றினால் திட்டு.

அத்தை கையில் கொள்ளும் பச்சைப்பயறும் வறுத்து அரைத்த பருப்புப் பொடியும் கொடுத்திருக்கிறேன், விழுங்கச் சிரமமாக இருந்தால் கரைத்துக் குடி. தாலிக்கொடியைக் கழற்றச் சொன்னால் அத்தை கையில் கொடு, வேறு யாரிடமும் கொடுக்காதே. பாப்பாவுக்கு மாமா பழக்கமில்லை, முதல் நாள் அழுவாள், அழ விடு, அவர் சமாளித்துக்கொள்வார். நல்லபடியாக முடிந்து, கட்டியும் ஒன்றுமில்லாத கட்டியாக இருந்து, நீ தீர்க்காயுசாக, மஞ்சள் குங்குமத்தோடு இருக்க வேண்டும் அம்மணி. நானும் உங்கம்மாவும் சேர்ந்து சொல்வதாக வைத்துக்கொள்.

மறக்காமல் இதை மட்டும் செய். மாமாவுக்கு இடது காது கேட்காது என்பது உனக்குத் தெரியும். சின்ன வயதில் காய்ச்சலில் போனது என்று நம் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். அது காய்ச்சலில் போகவில்லை, நான் சோளக்காட்டுக்குள் ஓடின அன்று அவர் ஓடாமல் நின்றதில் போனது. பஸ்ஸை விட்டு இறங்கின பிறகுதான் சொன்னார், அதுவும் நான் கேட்டதால். நீ அதைப் பற்றி ஒன்றும் கேட்காதே. அவரிடம் பேசும்போது வலது பக்கமாக நின்று பேசு.

இப்படிக்கு,
உன் அப்பா,
ச. தனபால்